மலை பழகிய பேட்டரி

செங்குட்டுவன் சார் கோபமாக வந்தால் வண்டியை ஒழுங்காக நிறுத்த மாட்டார். அன்றைக்கும் என் பட்டறை வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா கனகு, என் காரை என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஏன் சார், மலை ஏறலையா?"

"நாலாவது வளைவு வரைக்கும் ஏத்திப் பாத்தேன், நல்லாத்தான் ஏறுது. ஆனா அடிவாரத்துல முனியப்பன் கோயில் வந்தா கும்பிடுது."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருக்க நான் என்ன கல்லா? டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த நேரம் போக, மீதி நேரமெல்லாம் சேலம் ஜில்லா முழுக்க மேடை போட்டு சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசியவர் அவர். தாலி இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். அவருடைய கார் முனியப்பனைக் கண்டதும் பவ்யமாக வேகத்தைக் குறைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"சிரிக்காதம்மா. பின்னால வந்த பஸ்காரன், 'பெரியவர் பக்தி பலமா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறான்."

அவருடைய கார் பழைய ஹைபிரிட். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. அந்தக் காலத்து நிக்கல் பேட்டரி செத்துப்போய்விட்டது. அந்த மாதிரியை இப்போது யாரும் செய்வதில்லை. ஸ்கிராப் யார்டில் உடைத்துப் போட்ட மின்சாரக் கார்களிலிருந்து நல்ல லித்தியம் பேட்டரிக் கட்டுகளை எடுத்து, இதுபோன்ற கிழட்டு வண்டிகளுக்குப் பொருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வாரம்தான் அவருக்கும் பொருத்தியிருந்தேன்.

"உக்காருங்க சார், சொல்றேன். நிக்கல் பேட்டரிக்கு மூளை கிடையாது. லித்தியம் அப்படி இல்ல. உள்ளுக்குள்ள, வண்டி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற சின்ன சிப் ஒன்னு இருக்கும். ஓட்டுறவங்க எந்த இடத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கிறாங்க, எங்க அழுத்துறாங்கன்னு பாத்துப் பாத்துப் பழகிக்கும். அடுத்த தடவை அதே இடம் வந்தா, நீங்க காலை எடுக்கறதுக்கு முன்னாடியே சக்கரத்தைப் பிடிச்சு, அந்தச் சுத்தைச் சார்ஜா மாத்திக்கும். வேகம் அதனாலதான் குறையுது."

"முனியப்பனுக்காக நான் ஒருநாளும் காலை எடுத்ததில்ல."

"உங்க கால் இல்ல சார். இந்தப் பேட்டரி முன்னாடி இருந்த வண்டியை ஓட்டினவங்க கால்."

அவர் சற்று அடங்கினார். எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் யாராக இருந்தாலும் முனியப்பன் கோயிலைத் தாண்டும்போது காலை எடுத்து, ஒரு ஹாரன் அடித்து, நெஞ்சைத் தொட்டுக்கொண்டுதான் போவார்கள். மலை ஏறுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பழக்கம் பேட்டரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

சட்டப்படி பழைய பழக்கத்தை அழித்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். சேலத்தில் எந்தப் பட்டறையிலும் அழிப்பதில்லை. அழித்தால் பேட்டரி அனா ஆவன்னாவிலிருந்து படிக்க வேண்டும். முதல் மாதம் மைலேஜ் விழுந்துவிடும். வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவார். எனவே அப்படியே விட்டுவிடுவோம். செங்குட்டுவன் சார் விஷயத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கார் ஏற்காடு மலை ஏற வேண்டும். அதனால் யார்டு முழுக்கத் தேடி, தினமும் மலை ஏறி இறங்கிய ஒரு காரின் பேட்டரியாகப் பார்த்து எடுத்தேன். மலை பழகிய பேட்டரி சுலபத்தில் கிடைக்காது. அந்த யார்டில் ஒன்றுதான் இருந்தது.

அவருக்கு மலை ஏற வேண்டிய காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகன் இளம்பரிதி ஏற்காட்டில் வேலை பார்த்தான். கார் ஓட்ட வராது, பைக்தான் உயிர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் இரவில் இறங்கி வரும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவில், சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ வண்டி மோதி விழுந்தான். விடிந்து பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். மோதிய வண்டி எதுவென்று கடைசிவரை தெரியவில்லை. அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அதைவிடப் பெரிய முள் ஒன்று உண்டு. பையனின் தலைக்குக் கீழே, நாலாக மடித்த பச்சைக் கரைத் துண்டு ஒன்று இருந்தது. அது அவனுடையது இல்லை.

அந்தத் துண்டை வைத்தது யார்? வைத்தவர் ஏன் தூக்கிக்கொண்டு போகவில்லை? அவனுடைய அம்மா பூங்கோதை மூன்று வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. இந்த வருட நினைவு நாளுக்காவது அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றார். பழைய பேட்டரியோடு கார் மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

"கொஞ்ச நாள் ஓட்டுங்க சார். உங்க காலைப் பழகிட்டா முனியப்பனை மறந்துடும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது வண்டியைக் கோடு பிடித்தாற்போல் ஓரமாக நிறுத்தினார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"கனகு, இன்னொரு இடத்துலயும் நிக்குதும்மா."

"எங்க சார்?"

"ஏழாவது வளைவுல. சின்னப் பாலத்துக்கிட்ட."

அவரே சொன்னார். நினைவு நாளன்று போனபோது அந்த வளைவில் கார் தானாக இழுத்துப் பிடித்து ஊர்ந்திருக்கிறது. அவர் பயந்து காலை எடுத்ததும், சரியாகப் பாலத்தை ஒட்டி நின்றுவிட்டது. பூங்கோதை ஓவென்று அழுதிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கே போயாக வேண்டும் என்கிறார். போனால் இவரை இறங்கச் சொல்லிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்து காரோடு பேசுகிறார்.

"பையன் வந்து நிறுத்துறான்னு நெனைக்கிறாம்மா. ஊர் ஊராப் போய் பேய் இல்ல, பிசாசு இல்லன்னு தொண்டை கிழியப் பேசினவன் நான். இப்ப என் காருக்குள்ளயே ஒன்னைக் கொண்டாந்து உக்கார வச்சுட்ட."

"ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கறேன் சார்."

அன்று மாலை மூவரும் போனோம். நான் ஓட்டினேன், பூங்கோதை அம்மா பக்கத்தில், சார் பின்னால். அடிவாரத்தில் முனியப்பனுக்கு வண்டி ஒரு மரியாதை செய்தது. சார் வழக்கம்போல் காரைத் திட்டினார். ஐந்தாவது வளைவுக்கு மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஏழாவது வளைவில் என் கால் ஆக்சிலேட்டரில் இருக்கும்போதே வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. எனக்கு அந்த சிப்பின் உள்ளும் புறமும் தெரியும். ஏன் இழுக்கிறது என்றும் தெரியும். அப்படியும் முதுகு சில்லிட்டது. காலை எடுத்தேன். பாலத்தின் ஓரத்தில், சுவருக்கு ஒரு முழம் தள்ளி, பழகிய மாடு தொழுவத்தில் நிற்பதுபோல் வண்டி நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க" என்றார் பூங்கோதை.

இறங்கி நின்றோம். கைபேசியைப் பார்த்தேன். டவர் இல்லை, அந்த வளைவில் இன்றைக்கும் கிடையாது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததால் அந்த அம்மாவின் குரலும் கேட்டது. டாஷ்போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்டிப்பும் கெஞ்சலுமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அவ்வளவு நேரம் என்னதான் பண்ணிட்டு இருந்த?"

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பையன் லேட்டா வந்தா இப்படித்தான் கேப்பா" என்றார்.

மறுநாள் மதியம் காரை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். பின் சீட்டைக் கழற்றி, பேட்டரியில் கருவியைச் செருகிப் படித்தேன். ஏழாவது வளைவுப் பழக்கம் தெளிவாக இருந்தது. முன்னால் ஓட்டியவர் ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிறுத்தியிருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பேட்டரி மனப்பாடம் செய்கிற அளவுக்கு. அதற்குக் கீழே, நான் வழக்கமாகப் பார்க்காத இன்னொரு பகுதி இருந்தது. பார்த்துவிட்டு, கருவியை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"என்னம்மா?"

"சார், மோதல் பூட்டுன்னு ஒன்னு இருக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"முன்னாடி சில வண்டிங்க மோதின கையோட தீப்பிடிச்சு, உள்ள இருந்தவங்களோட எரிஞ்சுபோச்சுல்ல? அதுக்கப்புறம் ஒரு சட்டம் போட்டாங்க. லித்தியம் பேட்டரி எதுல மோதினாலும் தன்னைத்தானே பூட்டிக்கணும். முக்கால் மணி நேரத்துக்கு வண்டி நகரக் கூடாது. உள்ள எங்கயாவது சூடேறுதான்னு பாத்துட்டுத்தான் திறக்கும். அதை யாராலும் மாத்த முடியாது. எங்களாலயும்தான்."

"சரி."

"இந்தப் பேட்டரி ஒரே ஒரு தடவை பூட்டிக்கிட்டிருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி, உங்க பையன் போன அதே தேதி, அந்த ஏழாவது வளைவுல."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் பின் சீட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மோதின வண்டியா இது?"

"வண்டி இல்ல சார். அதோட பேட்டரி."

"என் பையனைக் கொன்னதை என் காசுலயே வாங்கி என் காருக்குள்ள வச்சிருக்க."

மலை பழகிய பேட்டரி வேண்டுமென்று தேடியது நான்தான். சேலத்திலிருந்து அந்த மலைக்கு எல்லாரும் ஏறி இறங்குவது அந்த ஒரு ரோட்டில்தான்.

"இன்னொன்னும் இருக்கு சார். கேட்டுட்டுத் திட்டுங்க. பூட்டியிருக்கிறப்ப ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா வண்டி எடுக்காது. ஆனா எத்தனை தடவை அமுக்கினாங்கன்னு சிப் எண்ணும். இதுல இருநூத்தி அம்பத்தஞ்சுன்னு நிக்குது."

"இருநூத்தி அம்பத்தஞ்சு தடவை அமுக்கினானா?"

"அந்தச் சின்ன சிப்புக்கு அதுக்கு மேல எண்ணத் தெரியாது. எண்ணிக்கை நிரம்பி நின்னுபோச்சு. அமுக்கினது அதுக்கும் மேல."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மேடைக் குரல் திரும்பி வந்தது.

"இத்தனை தடவை பட்டனை அமுக்கினவன், ரோட்டுல நின்னு ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு மழைன்னு மலைக்கு மேலயும் கீழயும் செக்போஸ்ட்டை மூடிட்டாங்கன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

நான் யார்டுக்கு போன் போட்டேன். அந்தக் கார் உடைந்து வந்ததில்லை, ஓடுகிற நிலையிலேயே வந்தது என்றார்கள். ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு அம்மாவின் வண்டி. ரொம்பச் சின்ன உடம்பு, சீட்டின் மேல் தலையணை போட்டுத்தான் ஓட்டுவாராம். போன வருடம் இறந்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகள் வந்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனாள்.

"ஆம்பளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கற உடம்பு இல்ல சார் அது" என்றேன்.

"அதுக்கப்புறம் வந்து சொல்லியிருக்கலாம்ல? எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம். பயந்திருப்பாங்க."

நாற்காலியிலிருந்து எழுந்தார். "பூங்கோதைக்கு இது தெரியக் கூடாது. அவ பையன்கிட்ட பேசறதா நெனைச்சுட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்."

"சார், நீங்களா இதைச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். பேய் இருந்துட்டுப் போகுது. இதைச் சொன்னா அவளுக்குப் பையன் இன்னொரு தடவை போயிடுவான்." கார்க் கதவைத் திறந்தவர் திரும்பினார். "அந்த முனியப்பனை மட்டும் தனியா அழிக்க முடியுமா?"

"முடியாது சார். அழிச்சா எல்லாமே போயிடும்."

"அப்பச் சரி. கும்பிட்டுத் தொலையட்டும்."

அடுத்த நாள் காலையில் பூங்கோதை அம்மா தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நேத்து சார் இங்க வந்தாரா கண்ணு?"

"சும்மா சர்வீசுக்கு வந்தாரும்மா."

"பொய் சொல்லாத. நேத்துச் சாயங்காலம் முனியப்பன் கோயில்ல வண்டி மெதுவாச்சு, அவர் திட்டவே இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, உன்கிட்ட எதையோ கேட்டுட்டு வந்திருக்காருன்னு."

நான் தேநீர் வாங்கி வரப் போகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் பேயை நம்பறவளா கனகு? எங்க கல்யாணத்துல முதல்ல மைக் பிடிச்சுப் பேசினவ நான். பேட்டரி பழகற கதையை நீ சொன்னதா அவர் சொல்லியிருந்தார். என் பையனுக்குக் கார் ஓட்ட வராது. முனியப்பனை அவன் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. முனியப்பனுக்குக் காலை எடுக்கற ஒருத்தர், தினமும் வந்து அந்தப் பாலத்துக்கிட்ட நிக்கறார்னா, அது யாருன்னு கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு வேணுமா? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அதான் அழுதேன்."

"அப்ப தினமும் போய்ப் பேசினது?"

"அந்த ஆள்கிட்டதான். நான் கேட்டது ஒன்னுதான். துண்டை மடிச்சுத் தலைக்கு வச்சியே, அவ்வளவு நேரம் என்னதான் பண்ணிட்டு இருந்த, தூக்கிட்டு ஓடியிருக்கலாம்லன்னு."

சொல்லக் கூடாது என்று சாரிடம் தலையாட்டியவள் நான். அந்தக் கண்ணுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பூட்டைச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தைச் சொன்னேன். டவர் இல்லாததையும், மருந்துக்கடை அம்மாவின் சின்ன உடம்பையும், தலையணையையும், அவர் போன வருடம் இறந்ததையும் சொன்னேன். கடைசியில் எண்ணிக்கையைச் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என் மேசையின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். எடுத்தார். மறுபடி அமுக்கினார். ஏதோ யோசனையில் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு வாடிக்கையாளர் வந்து, எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். விரல் நுனி வெளுத்தது, பிறகு சிவந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. கண்டிப்பாக ஐம்பதுகூட இருக்காது.

நிறுத்திவிட்டு விரலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"வலிக்குது கனகு" என்றார். அப்போதுதான் அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னார். "அழிச்சுடு. செத்தும் அந்தம்மா தினமும் மலை ஏறிக்கிட்டு இருக்கு. வீட்டுக்குப் போகட்டும். அவர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"சார்தான் உங்களுக்குத் தெரிய வேணாம்னு..."

"தெரியும். என்கூட வாழ்ந்த இத்தனை வருஷத்துல அந்த மனுசன் ஒரு பொய்க்குத் துணை போனதில்ல. எனக்காக ஒரு பேயையே ஒத்துக்கிட்டாரே." அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் வந்தார்கள். வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. சார் ஷேவ் செய்யாமல் இருந்தார். கருவியைச் செருகி, 'முழுவதும் அழிக்கவா' என்று அது கேட்டதும் அவர்கள் இருவரையும் பார்த்தேன். பூங்கோதை அம்மா தலையாட்டினார். அமுக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மோதல் பூட்டை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது சட்டம். எரிந்து செத்தவர்களுக்காகப் போட்ட சட்டம். அன்றிலிருந்து பொருத்துகிற ஒவ்வொரு பேட்டரியிலும் அந்த எண்ணிக்கையைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பூஜ்யம் என்று இருந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்குகிறது.

அதன் பிறகும் அவர்கள் மலை ஏறினார்கள். தினமும் இல்லை, எப்போதாவது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். சார் வந்தார். வண்டி குறுக்காக நின்றது. எனக்கு மனசு லேசாகிவிட்டது.

"மைலேஜ் விழுந்துபோச்சும்மா. இதுக்குத்தான் உன்கிட்ட வரக் கூடாதுங்கறது."

"அழிச்சா அப்படித்தான் சார். இப்ப உங்க காலைப் பழகியிருக்கும். பாத்துடலாம்."

கருவியைச் செருகினேன். பேட்டரி புதிதாகப் பழகிய இடங்கள் வரிசையாக வந்தன. அவர் வீட்டுத் தெரு முனை. ரேஷன் கடை வேகத்தடை. ஏழாவது வளைவு. அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால், மலை தொடங்குவதற்கும் முன்னால், அடிவாரத்தில் இன்னொரு இடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கால் எடுக்கப்பட்டிருந்தது. பூங்கோதை அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

நான் திரையைப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அங்க ரோடு மோசம்மா" என்றார்.

"ஆமா சார். குழியும் குண்டுமா கிடக்கு" என்றேன் நான்.

முனியப்பன் கோயில் முன்னால் போன மாதம்தான் புது ரோடு போட்டிருந்தார்கள்.